ஜூலையில் ஒழுகிய கூரை

தீவு,
ஏப்ரல் 11

என் நண்டே,

அக்கா கொலெட்டா எழுதுகிறேன். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். சர்க்கரை ஏறுகிறது, இறங்குகிறது, அது கிடக்கட்டும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மெல்பர்னில் குளிர் தொடங்கிவிட்டதா? இங்கே மழை நின்றுவிட்டது. இனி நவம்பர் வரை வானம் ஒரு துளி தராது. மைதானத்துச் சேறெல்லாம் காய்ந்து பாறையாகிவிட்டது.

எனக்கு எழுத்து அதிகம் வராது. மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் படித்ததைவிடத் துணி துவைத்ததுதான் அதிகம். ஆனாலும் சனிக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன் ஃபுட்டி ஆட்டம் பார்க்கக் கிளப் ஹாலில் டிவி முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது, நாய்கள் உட்பட. உன் முதல் கோல் விழுந்ததும் உன் மச்சான் எழுந்து வெளியே ஓடினார். போய் டொயோட்டாவின் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நம் மைதானத்தில் கோல் விழுந்தால் சுற்றி நிற்கிற வண்டியெல்லாம் ஹாரன் அடிக்குமே, அந்த மரியாதை உனக்கு மெல்பர்னில் கிடைக்காதாம். அதனால் இங்கேயிருந்து கொடுக்கிறாராம். அடித்துவிட்டு மூச்சிரைக்க உள்ளே வருவதற்குள் நீ அடுத்ததையும் போட்டுவிட்டாய். மறுபடி ஓடினார். கடைசியில் அந்த முதல் கோலைத் தவிர ஒன்றைக்கூட அவர் முழுதாகப் பார்க்கவில்லை. சிரில் பெரியப்பா கேட்டார், "ஏன்டா பர்னபாஸ், நீ ஆட்டம் பாக்க வந்தியா, ஹாரன் அடிக்க வந்தியா?" இவர் சொன்னார், "அடிச்சாத்தான் பெரியப்பா அவன் காலு ஓடும். அங்க கேக்கும்."

கடல் தாண்டி, பாலைவனம் தாண்டிக் கேட்குமாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கடிதத்தின் கடைசி இடம் வழக்கம்போல் அவருக்கு. நன்றாகச் சாப்பிடு. நண்டு மாதிரிப் பக்கவாட்டிலேயே ஓடு, அப்போதுதான் ஒருவன் கையிலும் அகப்படமாட்டாய்.

உன் அக்கா,
கொலெட்டா

மச்சான், பெரிய பர்னபாஸ் பேசுறேன். ஒரு பந்தைக் கம்பத்துல அடிச்சியே, அந்தக் கம்பம் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?


மெல்பர்ன்,
ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். முழங்கால் அப்படிச் சொல்லவில்லை. குளிர் வந்துவிட்டது. காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. உன் சர்க்கரைக்கு நர்ஸிடம் போகிறாயா? டீயில் எத்தனை கரண்டி போடுகிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

அக்கா, உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். இதுதான் கடைசி வருஷம். பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டேன். வந்த புதிதில் இந்த பூட்ஸ் என் காலைக் கடித்ததே, நினைவிருக்கிறதா? முதல் ஆட்டத்தில் அரைமணி நேரம் பந்து என் பக்கமே வரவில்லை. வந்ததைக் கையில் பிடித்து உதைப்பதற்குள் நான் வழுக்கி விழுந்தேன். பத்திரிகைக்காரன் "தீவுப் பையனுக்குத் தரை புதிது" என்று எழுதினான். அம்மா போனபோது ஊருக்கு வந்து, திரும்பிப் போகாமல் கிடந்தேனே, அப்போது என்னை முடிந்துபோனவன் என்று எழுதினான். இப்போது அதே ஆள் என் படத்தை அரைப்பக்கம் போடுகிறான். எங்கள் மார்ஷ்கேட் கிளப்பில் சின்னப் பிள்ளைகள் என் எண்ணை, முப்பத்தொன்று என்று, முதுகில் தைத்துக்கொண்டு வருகிறார்கள். எல்லாம் கிடைத்தது, இறுதி ஆட்டம் மட்டும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் அதற்கு முன்னால் தோற்றுவிடுகிறோம். இந்த வருஷம் அதை ஆடிவிட்டு பூட்ஸைக் கழற்றினால், பிறகு நம் ஊர்ச் சேற்றில் வெறுங்காலோடுதான்.

மச்சானிடம் சொல், அந்தக் கம்பம் அவர் மாதிரியே நகராமல் நின்றது, அதனால்தான் அடித்தேன்.

உன் தம்பி,
பர்னபாஸ்


தீவு,
மே 16

என் நண்டே,

சுகம்தானே? நான் சுகம். சனிக்கிழமை நீ செய்ததைப் பார்த்து சிரில் பெரியப்பா கையிலிருந்த டீயை நாய் மேல் கொட்டிவிட்டார். நாயும் கத்தவில்லை, அதுவும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கோட்டு ஓரத்தில் இரண்டு பேர் உன்னை நெருக்க, நீ கம்பத்தைப் பார்க்காமலே உதைத்தாயே. பந்து வெளியே போகிற மாதிரிப் போய், ஞாபகம் வந்தது போலத் திரும்பி உள்ளே விழுந்தது. ஹாலில் பெண்களெல்லாம் எழுந்து ஆடினோம். எனக்குச் செருப்பு அறுந்துவிட்டது.

உன் மச்சான் ஹாரன் அடிக்க ஓடவில்லை, நடந்துதான் போனார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. நர்ஸ் டார்வினுக்குப் போய்ப் படம் எடுக்கச் சொன்னாள். வியாழக்கிழமை விமானத்தில் நானும் கூடப் போகிறேன். அங்கே ஆஸ்பத்திரியில் நம் ஃபிலோமினா வேலை செய்கிறாள், பார்த்துக்கொள்வாள். நீ கவலைப்படாதே. அவர் விமானத்தில் ஜன்னல் பக்கம் வேண்டும் என்று இப்போதே சண்டை போடுகிறார்.

உன் அக்கா,
கொலெட்டா

மச்சான், என்னை டார்வினுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அங்க ஆஸ்பத்திரியில ஹாரன் அடிக்க விடுவாங்களா?


தீவு,
ஜூன் 14

அன்புத் தங்கை ஃபிலோமினா,

நீயும் உன் பிள்ளைகளும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். ஆஸ்பத்திரியில் என் கையை விடாமல் நின்றாயே, அதை மறக்கமாட்டேன்.

அவரைப் புதைத்துவிட்டோம். அம்மாவுக்குப் பக்கத்தில்தான். வழக்கப்படி, அவர் ஆவி தங்கிவிடாமல், வீட்டுக்குள் புகை போட்டுக் கதவைக் கட்டிவிட்டார்கள். நான் பெனடிக்டா சித்தி வீட்டில் இருக்கிறேன். டொயோட்டாவுக்கும் புகை காட்டி மாமரத்தடியில் நிறுத்தியிருக்கிறார்கள், யாரும் தொடுவதில்லை. எனக்குச் சித்திதான் சோறு ஊட்டுகிறாள். துக்கம் முடியும்வரை என் கையால் நான் சாப்பிடக் கூடாதல்லவா.

இப்போது நான் சொல்வதைக் கேள். நண்டுவுக்குச் சொல்லக் கூடாது. அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று நீயும்தான் கேட்டாய். "நண்டுகிட்ட சொல்லாத. அழுதுகிட்டு ஓடி வந்துருவான், திரும்பப் போகமாட்டான். இறுதி ஆட்டத்துல கடைசி சைரன் அடிக்கட்டும்." அம்மாவுக்கு வந்தவன் அப்படித்தான் கிடந்தான். இவர்தான் அடுத்த வருஷம் அவனைக் கழுத்தைப் பிடித்து விமானத்தில் ஏற்றினார். இது அவனுக்குக் கடைசி வருஷம். சிரில் பெரியப்பாவிடம் கேட்டேன். அவரை வழியனுப்பும் கடைசி நடனத்தை அக்டோபரில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு நண்டு வந்தால் போதும் என்றார். ஊர் முழுக்க ஒத்துக்கொண்டது.

ஒரு கஷ்டம் மட்டும் இருக்கிறது. அவர் பேர் இனி நம் யார் வாயிலும் வராது, காதிலும் விழக் கூடாது. நண்டுவுக்கும் அதே பேர்தான். ஒரே பாதிரியார் ஒரே புனிதரின் பேரை இரண்டு பேருக்கும் வைத்துவிட்டுப் போனார். டிவிக்காரன் ஆட்டம் முழுக்க அந்தப் பேரைத்தான் கத்துகிறான். அதனால் சத்தத்தைப் பூட்டிவிட்டுப் பார்க்கிறோம். பிள்ளைகள்கூட அவனை முப்பத்தொன்று என்றுதான் சொல்கிறார்கள்.

அவன் உனக்குப் போன் செய்தால், தயவுசெய்து, நெஞ்சுச் சளி என்று மட்டும் சொல்.

உன் அக்கா,
கொலெட்டா


மெல்பர்ன்,
ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஏன் கடிதமே இல்லை? உடம்பு சரியில்லையா? நான் நன்றாக இருக்கிறேன். தொடர்ந்து ஜெயிக்கிறோம். நேற்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் "பார்னி, பார்னி" என்று கத்தியதில் என் காது இன்னும் அடைத்திருக்கிறது.

பதினோராம் தேதி எங்கள் புனிதரின் நாள். மச்சானிடமிருந்து ஒரு வரி வரவில்லை. வருஷம் தவறாமல் "கேக்கில் என் பாதியை நானே சாப்பிட்டுவிட்டேன், உன் பாதியையும்" என்று எழுதுவாரே. ஃபிலோமினாவுக்குப் போன் செய்தேன். சளிதான் என்றாள், உடனே அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று வைத்துவிட்டாள். ஊர் ஆபீஸ் போனில் பேசலாம் என்றால், நீ வந்து எடுப்பதற்குள் ஊரே சுற்றி நின்று கேட்கும்.

மச்சானே, சளிக்கெல்லாமா ஆஸ்பத்திரி? எனக்கு விலா எலும்பில் விரிசல், நான் ஓடிக்கொண்டிருக்கிறேன். எழுந்து நில்லுங்கள்.

பர்னபாஸ்


தீவு,
ஜூலை 18

என் நண்டே,

கோபித்துக்கொள்ளாதே. நான் சுகம்தான். விலாவில் எண்ணெய் தேய். யாரையும் கட்டிப்பிடிக்க விடாதே, ஜெயித்தாலும்.

உன் ஆட்டத்தை ஒரு வாரம்கூட விடவில்லை. டிவியில் சத்தம் போய்விட்டது, படம் மட்டும்தான் வருகிறது, ஆனால் அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. சத்தம் இல்லாததால் உன்னைக் கவனமாகப் பார்க்கிறோம். போன வாரம் அந்த நெட்டையன் தோளில் ஏறிப் பந்தைப் பிடித்தாயே. நீ மேலேயே நின்றுவிட்டாய் என்று நினைத்தேன். ஹாலில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நீ இறங்கிய பிறகுதான் விட்டோம். சித்தி மடியிலிருந்த குழந்தை கை தட்டியது. பிறகு எல்லாரும் "முப்பத்தொன்னு, முப்பத்தொன்னு" என்று தரையைத் தட்டினோம். அட்டவணையில் நீங்கள்தான் மேலே என்கிறார்கள்.

நான் இப்போது பெனடிக்டா சித்தி வீட்டில் இருக்கிறேன். நம் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. சரி செய்ய ஆள் வரவேண்டும். அவருக்கு எழுத முடியவில்லை. காட்டுப் பக்கம் வாத்து சுடப் போயிருக்கிறார்கள் எல்லாரும்.

நீ ஆடு. அதுதான் எங்களுக்கெல்லாம் மருந்து.

உன் அக்கா,
கொலெட்டா


மெல்பர்ன்,
ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நன்றாக இருக்கிறேன். விலா கூடிவருகிறது.

கூரையைப் பற்றி நீ யோசிக்காதே. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அதுவரை யாரும் தொட வேண்டாம்.

நீ சாப்பிடுகிறாயா, அக்கா? பெனடிக்டா சித்தி ஊட்டினால் வேண்டாம் என்று சொல்லாதே. அவளுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். சிரில் பெரியப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

சனிக்கிழமை நன்றாக ஆடுவேன். எல்லாச் சனிக்கிழமையும்.

உன் தம்பி,
நண்டு


தீவு,
ஆகஸ்ட் 22

அன்புத் தங்கை ஃபிலோமினா,

உன் முதுகுவலி தேவலையா? நான் இருக்கிறேன்.

நீ சொல்லிவிட்டாயா? நண்டுவின் கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். அதில் ஒரு கிண்டல் இல்லை. மச்சான் என்ற வார்த்தையே இல்லை. சித்தி ஊட்டினால் சாப்பிடு என்று எழுதியிருக்கிறான். ஊட்டுகிறாள் என்று நான் எங்கே எழுதினேன்? கடைசியில் நண்டு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான். பிறந்ததிலிருந்து அவன் அப்படிப் போட்டதில்லை.

விமானம் இறங்கும் சத்தம் கேட்டால் ஓடுகிறேன். ஒவ்வொருவராக இறங்குகிறவர்களைப் பார்க்கிறேன். அவன் இல்லை என்றதும் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன். அவன் வந்துவிடக் கூடாதே என்று பயம். வராமல் இருக்கிறானே என்று அழுகை. சித்தி சொல்கிறாள், "ரெண்டுல ஒண்ணுக்கு அழுடி, கண்ணு தாங்காது."

ஆனால் அவன் ஆடுகிறதைப் பார்த்தாயா? நேற்று அவனைப் பிடிக்க வந்த மூன்று பேரும் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டார்கள். இவன் அங்கே இல்லவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதைத்த பிறகு முதல் சிரிப்பு. உடனே வாயைப் பொத்திக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லு.

கொலெட்டா


மெல்பர்ன்,
செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெயித்துவிட்டோம். வரும் சனிக்கிழமை இறுதி ஆட்டம். உடம்பு முழுக்கக் கட்டு, ஆனால் நிற்கிறேன், ஓடுகிறேன்.

ஃபிலோமினாவைத் திட்டாதே. அவள் சொல்லவில்லை. ஜூலையில் நம் ஊரில் கூரை ஒழுகுமா, அக்கா? பொய் சொல்லத் தெரியாதவள் மழைக்காலம் வரையாவது காத்திருக்க வேண்டாமா? அந்த உறையின் மேல் என் பேர் இல்லை, முப்பத்தொன்று என்று மட்டும் இருந்தது. டிவியில் சத்தம் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். மூன்றையும் சேர்த்துப் பார்த்தேன். உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்திருக்கவே இல்லை. மற்றவர்கள் குளித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

விமான டிக்கெட் எடுத்தேன். எடுத்த பிறகு எனக்கே தெரிந்தது. நான் அந்தப் படியில் இறங்கியிருந்தால் அவர் எருமை மாதிரி முட்டி மறுபடி உள்ளே தள்ளியிருப்பார். ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. யார் மறைக்கச் சொன்னது என்று தெரியும். அதனால்தான் நானும் தெரியாதவன் மாதிரி இருந்தேன். நீ எனக்காக, நான் உனக்காக. சரியான குடும்பம்.

ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை டிவி சத்தத்தைத் திறந்து வை. முழுசாகத் திறந்து வை. பயப்படாதே, அக்கா.

நண்டு


தீவு,
செப்டம்பர் 26

என் நண்டே, என் தங்கமே,

கால் எப்படி இருக்கிறது, விலா எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா, தூங்கினாயா? நான் தூங்கவில்லை. ஊரே தூங்கவில்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை விமானத்தில் வந்தது. படித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதேன். பிறகு சிரில் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "பேரு வரும்மா" என்றார். அவன் வராது என்கிறான் என்றேன். அப்படி எங்கே எழுதியிருக்கிறான் என்று கேட்டார். எழுதவில்லை, ஆனால் பயப்படாதே என்று எழுதியிருக்கிறான் என்றேன்.

சனிக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. படம் வந்தது, சத்தமில்லை. நீ மைதானத்துக்குள் ஓடி வந்தாய். கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தாய். அதைப் பார்த்ததும் பெண்கள் முனக ஆரம்பித்தார்கள். நான் எழுந்தேன். துக்கக்காரி எழுந்து நடந்தால் எல்லாரும் வழி விடுவார்களே, விட்டார்கள். டிவியிடம் போய்க் கையை வைத்தேன். பின்னாலிருந்து பெரியப்பா சொன்னார், "கொலெட்டா, அந்தப் பேரு வந்துச்சுன்னா அது உன் கையால வந்ததாகும்." நான் சொன்னேன், "என் தம்பி கையால ஆகட்டும் பெரியப்பா." திருப்பினேன்.

ஹாலில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். கூட்டத்தின் இரைச்சல் கடல் மாதிரி உள்ளே வந்தது. பந்து உன்னிடம் வந்தது. டிவியில் ஆட்டத்தைச் சொல்கிற அந்த வெள்ளைக்காரர் வாயைத் திறந்தார்.

அவர் "நண்டூ" என்றார்.

நம் பாஷையில். அம்மா உன்னைக் கூப்பிட்ட அதே வார்த்தை. வாயில் கூழாங்கல்லை வைத்துக்கொண்டு சொல்வது போலச் சொன்னார். "நண்டூ எடுத்தார், நண்டூ திரும்பினார், நண்டூவைப் பிடிக்க முடியவில்லை." ஒருமுறைகூட அந்தப் பேர் வரவில்லை. பொத்தியிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சித்தி சிரித்தாள், "அய்ய, வாலை இழுக்குறாரு பாரு. நண்டுவுக்கு ஏதுடி வாலு?" உடனே ஹால் முழுக்க அவரை மாதிரியே கத்த ஆரம்பித்தது. பெரியப்பா எழுந்து நின்றுகொண்டே முழு ஆட்டமும் பார்த்தார். இதற்கு நீ எத்தனை பேரிடம் போய்க் கேட்டாயோ, எப்படிக் கேட்டாயோ, வந்து சொல்லு.

கடைசிக் கால் பகுதியில் நீங்கள் பின்தங்கினீர்களே, அப்போது எனக்கு எதுவும் தெரியவில்லை, நாற்காலியின் கையைத்தான் பிடித்திருந்தேன். பிறகு அந்த ஓரத்தில், கோட்டுக்கு அருகில், மே மாதம் செய்த அதே இடத்தில், அதே மாதிரி. பந்து வெளியே போனது. போய்த் திரும்பியது. உள்ளே விழுந்தது. கோல்தான் என்று கோல் நடுவர் இரண்டு விரலையும் நீட்டினார்.

யாரும் ஹாரன் அடிக்கவில்லை, நண்டே. எல்லாரும் கத்தினார்கள், ஆனால் அந்த இடம் வெறுமையாக இருந்தது. எல்லாருக்கும் அது கேட்டது. பெரியப்பா என்னைப் பார்த்தார். "வண்டிக்குப் புகை போட்டு மாசக்கணக்காச்சு. போம்மா" என்றார். நான் ஓடினேன். சர்க்கரைக்காரி, கனத்த உடம்புக்காரி, மாமரம் வரை ஓடினேன். வண்டிக்குள் காய்ந்த இலை. அவர் உட்காரும் பக்கம் உட்கார்ந்து இரண்டு கையாலும் அழுத்தினேன். முதலில் முனகியது. பிறகு அடித்தது. பறவையெல்லாம் எழும்பிப் போயின. நான் கையை எடுக்கவே இல்லை.

அதனால் கடைசி சைரனை நான் கேட்கவில்லை. நீ அடித்த அடுத்த கோலையும் பார்க்கவில்லை. பிள்ளைகள் ஓடி வந்து ஜெயித்துவிட்டோம் என்று வண்டியைத் தட்டிச் சொன்னார்கள்.

இனி நீ வா. சைரன் அடித்துவிட்டது. அவர் குழிமேட்டில் நடும் கம்பங்களைச் செதுக்கிவிட்டார்கள், வர்ணம் பூச உன் கை வேண்டும். நடனத்தில் மச்சான் முறைக்காரன் ஆடும் இடம் உன்னுடையது. பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டு வா. மழை தொடங்கட்டும், கூரை நிஜமாகவே ஒழுகுகிறதா பார்ப்போம்.

உன் அக்கா,
கொலெட்டா

இந்தக் கடைசி இடம் அவருடையது. காலியாக விட மனசு வரவில்லை. நானே எழுதுகிறேன்.

என்னங்க, நான் அடிச்ச ஹாரன் அங்க கேட்டுச்சா?